தலைப்பில் நிற்க வேண்டிய அரிய சொல்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, போட் இஞ்சின் திருத்துவது பற்றித் தமிழில் 200 பக்கம் எழுதி இணையத்தில் ஏற்றியிருக்கிறோம். கூகுளில் தேடினால் ஒன்றும் வருகுதில்லை. ஏன்?" போய்ப் பார்த்தேன். தலைப்புகளெல்லாம் 'அறிமுகம்', 'இஞ்சின் வழிகாட்டி: பகுதி 7' என்றே இருந்தன.

தேடுபொறி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. அது எளிது. ஒரே சொல் ஆயிரம் பக்கங்களில் இருந்தால் எதை முன்னுக்கு வைப்பது?

இதற்கு 1972இல் கேம்பிரிட்ஜின் கணினி ஆய்வாளர் கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் சொன்ன வழி எனக்கு அவ்வளவு பிடிக்கும். திருகோணமலையில் "கடற்கரைக்கு வா" என்றால் எங்கே போவது? டச்பேக்கா, நிலாவெளிக்கா? "டச்பே" என்றால் நேரே வந்துவிடலாம். அரிதாக வரும் சொல்லுக்கே அடையாளம் காட்டும் வலு. மொத்தப் பக்கங்களை, அந்தச் சொல் வரும் பக்கங்களால் வகுத்து மடக்கை (log) எடுங்கள். அதுதான் அந்தச் சொல்லின் எடை. தம்பியின் 200 பக்கங்களிலும் 'இஞ்சின்' வருகிறது: 200/200 = 1, மடக்கை 0. எடையே இல்லை! 'பிளக்' 2 பக்கங்களில்தான்: 200/2 = 100, மடக்கை 2. ஓலெவலில் படித்த மடக்கைதான். இப்படியொன்றைக் கண்டுபிடித்தவர் பல ஆண்டுகள் குறுங்கால ஒப்பந்தங்களிலேயே வேலை செய்தார் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்றைய தேடுபொறிகள் இன்னும் எத்தனையோ அளவுகளைச் சேர்க்கின்றன. ஆனாலும் தலைப்பிலுள்ள சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. தேடுபவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். நீண்டால் வால் வெட்டுப்படும். ஆகவே அரிய சொல் முன்னுக்கு வர வேண்டும். ஒரே சொல்லைப் பத்துத் தரம் அடுக்கினால் மேலே வரும் என்பது வெறும் மூடநம்பிக்கை. கூகுள் அதைக் குப்பை என்றே கணக்கெடுக்கிறது.

தமிழுக்கு இன்னொரு சிக்கல்: இஞ்சினில், இஞ்சினுக்கு, இஞ்சினை. உருபைப் பிரிக்கத் தெரியாத கணினிக்கு இவை மூன்றும் வேறு வேறு சொற்கள். இதைச் சரியாகப் பிரிக்கும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்கள் காசு ஒதுக்கியே ஆக வேண்டும். அதுவரை தலைப்பில் சொல்லை உருபில்லாமல் வையுங்கள்.

தம்பியின் 'பகுதி 7' இனி இப்படி இருக்கட்டும்: 'பிளக் நனைந்து போட் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால்'. 'எஞ்சின்' என்றும் ஆட்கள் தட்டுவார்கள். அந்த எழுத்தையும் முதல் வரியில் ஒருதரம் எழுதிவிடுங்கள்.