கம்பெனி ஜெட்டை விற்றால் செலவு குறைந்துவிடுமா?

ஒரு பெரிய கம்பெனி தன் சொந்த ஜெட் விமானத்தை விற்கப்போவதாகச் செய்தி வந்தால், ஓரிரு நாளில் யாராவது என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "சார், நிர்வாகம் சிக்கனத்துக்கு வந்துட்டாங்க போலிருக்கே, ஷேரை வெச்சுக்கலாமா?" தணிக்கைத் தொழிலில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை. ஓய்வுக்காலப் பணத்தைப் பங்குகளில் போட்டவர்கள், அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவர்கள், சரக்கு கொடுத்துவிட்டு பில் பாஸ் ஆகக் காத்திருப்பவர்கள் என்று பலரும் இப்படி ஒரு செய்தியை நம்பி முடிவெடுக்கிறார்கள். பொருளாதார மந்த காலத்தில் ஜெட்டை விற்பது பெரும்பாலும் ஊருக்குக் காட்டும் அடையாளம். பணம் மிச்சமானதா என்பது அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள 2008-09இல் அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் போதும். 2008 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகியவற்றின் தலைவர்கள் 2,500 கோடி டாலர் அரசு உதவி கேட்டு டெட்ராய்ட்டிலிருந்து வாஷிங்டன் போனார்கள். மூவரும் தனித்தனி ஜெட்டில். நாடாளுமன்றக் குழு விசாரணையில் பிராட் ஷெர்மன் என்ற உறுப்பினர், பயணிகள் விமானத்தில் வந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். ஒரு கையும் உயரவில்லை. ஜெட்டை விற்றுவிட்டுப் பயணிகள் விமானத்தில் ஊர் திரும்ப நினைப்பவர்கள் யார் என்று கேட்டார். அதற்கும் யாரும் தூக்கவில்லை. டிசம்பரில் அதே மூவரும் தங்கள் கம்பெனி ஹைபிரிட் கார்களில் 500 மைலுக்கு மேல் சாலை வழியே வந்தார்கள். ஃபோர்டு தன்னுடைய 5 ஜெட்களையும் விற்பதாக அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் விமானப் பிரிவையே மூடுவதாகச் சொன்னது.

2009 ஜனவரியில் சிட்டிகுரூப்பின் முறை வந்தது. 4,500 கோடி டாலர் அரசுப் பணம் பெற்றிருந்த அந்த வங்கி, சுமார் 5 கோடி டாலர் விலையுள்ள ஃபால்கன் 7எக்ஸ் ஜெட்டை டெலிவரி எடுக்கவிருந்தது. நெருக்கடிக்கு முன்பே கொடுத்த ஆர்டர், ரத்து செய்தால் அபராதம் கட்டவேண்டும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். கருவூலத்துறை அழுத்தம் கொடுத்ததும் ரத்து செய்துவிட்டார்கள். 300 கடைகளை மூடி 6,700 பேரைக் குறைப்பதாக அறிவித்த ஸ்டார்பக்ஸும், அப்போதுதான் கைக்கு வந்திருந்த 4.5 கோடி டாலர் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டை விற்பனைக்கு வைத்தது.

ஆக, எல்லாரும் ஒரே சமயத்தில் விற்பனைக்கு வந்தார்கள். 2009இன் நடுவில் உலகில் பறந்துகொண்டிருந்த தனி ஜெட்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்று விற்பனைப் பட்டியலில் இருந்தது. வாங்க ஆள் இல்லாத சந்தையில் விலை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கு இப்படித்தான் ஓடும். ஒரு கம்பெனி 300 கோடி ரூபாய்க்கு ஜெட் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் போகப் புத்தக மதிப்பு, அதாவது கணக்கில் காட்டும் மதிப்பு, 200 கோடி, வங்கிக் கடன் பாக்கி 150 கோடி. மந்தத்தில் 130 கோடிக்கு விற்கிறார்கள். செய்தித்தாளில் '130 கோடிக்கு ஜெட் விற்பனை' என்று வரும். கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. கடனை அடைக்க 20 கோடி கையிலிருந்து போடவேண்டும், லாப நட்டக் கணக்கில் 70 கோடி நஷ்டம் எழுதவேண்டும். அதற்காக விற்காமலே வைத்திருப்பது நல்லது என்று நான் சொல்லவில்லை. பறக்காத ஜெட்டும் செலவு வைக்கும். பல பரிசோதனைகள் பறந்த மணிக்கணக்கைப் பார்க்காமல் காலண்டர்படி வந்து நிற்கும். ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், விமானிகளுக்கான சிமுலேட்டர் பயிற்சி எல்லாம் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவெடுக்காமல் இழுத்தால் எந்த நிலைக்கு வரும் என்பதற்கு மும்பை விமான நிலையத்தில் பல ஆண்டுகள் நின்ற விஜய் மல்லையாவின் ஏர்பஸ் ஏ319 சாட்சி. சேவை வரி பாக்கிக்காக அரசு அதை ஏலம் விட்டபோது, 2016இல் 152 கோடி குறைந்தபட்ச விலைக்கு வந்த ஒரே கேட்பு 1.09 கோடி. ஏலம் பலமுறை தோற்று, 2018இல் சுமார் 35 கோடிக்குப் போனது. நின்ற இடத்துக்கு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது தனிக்கதை.

வாங்க வருபவர் பளபளப்பான தோல் இருக்கையைப் பார்த்து ஏமாறுவதில்லை. விமானத்தைப் பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், எஞ்சினுக்குள் கேமரா விட்டு, துருவையும் தேய்மானத்தையும் பார்ப்பார். பராமரிப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். ஒரு பாகத்தின் சான்றிதழ் காணாமல் போயிருந்தால் அந்த இடத்திலேயே விலை இறங்கும். பணநெருக்கடியில் இருக்கும் கம்பெனி முதலில் கைவைப்பது இந்தப் பராமரிப்பில்தான். விற்கும்போது அதற்கான விலையைக் கொடுக்க நேரிடும்.

இனி நான் நேரில் பார்த்த ஒன்று. ஒரு குழுமத்தின் கணக்கைப் பார்க்கும்போது ஜெட்டின் பயணப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். தேதி, புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், நேரம், பயணிகள் எண்ணிக்கை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள். காலையில் தலைவரைத் தொழிற்சாலை ஊரில் இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்பியிருக்கிறது. மாலையில் காலியாகப் போய் அவரை ஏற்றி வந்திருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு நான்கு பறப்பு, அதில் இரண்டு வெறும் விமானம். பிறகு அந்த ஜெட்டை விற்றார்கள். ஆண்டறிக்கையில் செலவுக் குறைப்பு நடவடிக்கை என்று ஒரு பத்தி வந்தது. அடுத்த ஆண்டு வவுச்சர்களைப் பார்த்தால், அதே ஊர், அதே கிழமை, இப்போது வாடகை ஜெட். காலியாகத் திரும்பும் நேரத்துக்கும் சேர்த்தே பில். முன்பு தேய்மானத்திலும் வட்டியிலும் இருந்த தொகை 'பயணச் செலவு', 'இதர செலவுகள்' என்று பிரிந்து உட்கார்ந்திருந்தது. சட்டப்படி அதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. செலவு குறைந்துவிட்டது என்று நம்பிய பங்குதாரருக்குத்தான் அது தெரியாமலே போனது.

ஃபோர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெட்களை விற்பதாக அறிவித்த பின் வந்த ஆண்டுகளில், பாதுகாப்புக் காரணத்துக்காகத் தலைமை நிர்வாகி தனி விமானத்தில்தான் பயணிக்கவேண்டும் என்பதே இயக்குநர் குழுவின் நிபந்தனை என்று பங்குதாரர்களுக்கான அறிக்கைகளில் அந்தக் கம்பெனியே எழுதியிருக்கிறது. சொந்த விமானம் போனது, தனி விமானப் பயணம் தொடர்ந்தது. அதை மறைக்காமல் எழுதினார்கள் என்பதற்காக நான் அவர்களை மதிக்கிறேன். அமெரிக்காவில் 2006 முதல் உயரதிகாரிகளின் சலுகைகள் மொத்தம் 10,000 டாலரைத் தொட்டாலே வெளியிடவேண்டும் என்பது பங்குச்சந்தை ஆணைய விதி.

இன்னொரு பக்கமும் உண்டு. 2009 பிப்ரவரியில் வந்த பொருளாதார மீட்புச் சட்டம், அரசு உதவி பெற்ற நிறுவனங்கள் விமானம் உள்ளிட்ட ஆடம்பரச் செலவுகளுக்குக் கொள்கை வகுக்கவேண்டும் என்றது. அதே சட்டம்தான் புதிய ஜெட் வாங்குவோருக்கும் பயன்படும்படி முதல் ஆண்டிலேயே விலையில் 50 சதவீதத்தைக் கூடுதல் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் வரிச் சலுகையை நீட்டித்தது. காரணம் கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா. ஜெட் தயாரிக்கும் செஸ்னா, ஹாக்கர் பீச்கிராஃப்ட், லியர்ஜெட் எல்லாம் அப்போது அங்கேதான் இருந்தன. 2008இல் உலகம் முழுவதும் 1,300க்கு மேல் டெலிவரியான தனி ஜெட்கள் 2009இல் 900க்குக் கீழே இறங்கின. செஸ்னா தன் பெரிய ஜெட் திட்டமான கொலம்பஸையே கைவிட்டது. ரிவெட் அடித்தும் வயரிங் செய்தும் பிழைத்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தொலைக்காட்சியில் ஜெட்டைத் திட்டுவது சுலபம், அதன் சுமை இவர்கள் மேலும் விழுந்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

அதனால் ஜெட் வைத்திருப்பதே குற்றம் என்று நான் நினைப்பதில்லை. நேரடி விமான சேவை இல்லாத ஊர்களில் ஆலைகள் இருந்தால் அதற்கு நியாயம் உண்டு. கேள்வி, அளந்து பயன்படுத்துகிறார்களா என்பதுதான். கம்பெனி ஜெட்டைத் தலைமை நிர்வாகி சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்துவதாக வெளியிட்ட அமெரிக்க நிறுவனங்களின் பங்குகள், சந்தை அளவுகோலைவிட ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் பின்தங்கியதாக நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் யெர்மாக் 2006இல் காட்டினார். ஜெட்டின் செலவு மட்டும் அவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்காது. நிர்வாகத்தைக் கேட்க ஆளில்லாத கம்பெனி என்பதற்கான அறிகுறியாகவே நான் அதைப் படிக்கிறேன்.

மந்தம் என்றாலே விற்றாகவேண்டும் என்பதும் இல்லை. 2020 வசந்தத்தில் கொரோனா பயத்தில் விற்றவர்கள், 2021இல் பழைய ஜெட்களின் விலை ஏறியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இந்தியக் கம்பெனியின் பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையின் பின்பகுதியைத் திறக்கவேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் 'விற்பனைக்காக வைத்துள்ள சொத்துகள்' என்ற வரி, அதற்கான குறிப்பில் மதிப்புக் குறைப்பு எழுதியிருக்கிறார்களா என்பது, பணப்புழக்க அறிக்கையில் நிஜமாக வந்த ரொக்கம், அதே ஆண்டில் அடைத்த கடன். பிறகு தொடர்புடைய நபர்களுடனான பரிவர்த்தனைகள் என்ற குறிப்பு. என் அனுபவத்தில் அதிகம் கவனிக்கவேண்டியது இதுதான். ஜெட்டை முதலாளி குடும்பத்தின் தனிக் கம்பெனிக்கு விற்று, அதையே கம்பெனி வாடகைக்கு எடுத்தால், அந்த வாடகை இங்கேதான் தெரியும். விலையை யார் மதிப்பிட்டார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. ஊழியர்கள் தேதியையும் பார்க்கலாம்: ஜெட் போனது ஆட்குறைப்புக்கு முன்பா, பின்பா என்று.

பொதுக்குழுக் கூட்டத்தில் சிறு பங்குதாரருக்கும் பேச உரிமை உண்டு. காணொளியில் நடக்கும் கூட்டமென்றால், நோட்டீஸில் சொல்லியிருக்கும் தேதிக்குள் பேச்சாளராகப் பதிவு செய்துகொண்டு, கேள்வியை மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்: ஜெட்டை விற்ற பிறகு இந்த ஆண்டு வாடகை விமானங்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அதில் காலியாகப் பறந்த நேரம் எவ்வளவு, அந்த வாடகை யாருடைய கம்பெனிக்குப் போனது?