ரைம்: எதுகையா, இயைபா?

லைட், நைட், ஃபைட். இந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் இடையே இருக்கும் ஒலிப்பொருத்தத்துக்குப் பெயர் ரைம். தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் யோசிக்காமல் 'எதுகை' என்பார்கள். அகராதிகள் சிலவும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் சரியான சொல் இயைபு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் மாறினால் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எதுகை என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ரைம் தேடப்போனால் தேடும் இடமே தவறிப் போகிறது.

பாட்டில் எழுத்து ஒன்றிவரும் முறைக்குத் தொடை என்று பெயர். மோனை, இயைபு, எதுகை என்ற மூன்று தொடைகளையும் யாப்பருங்கலக்காரிகை என்ற செய்யுள் இலக்கண நூல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது: 'எழுவாய் எழுத்தொன்றின் மோனை இறுதி இயைபு இரண்டாம் வழுவா எழுத்தொன்றின் மாதே எதுகை.' முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இறுதி ஒன்றி வந்தால் இயைபு, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே தொல்காப்பியச் செய்யுளியல் 'இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே' என்று சொல்லிவிட்டது. இறுவாய் என்றால் முடியும் இடம். ரைம் என்பது சொல்லின் முடிவில் நடக்கும் விஷயம் என்பதால் அதற்கு நேரான இடம் இதுதான்.

பிறகு ஏன் எதுகை என்கிறோம்? நாம் உதாரணமாக எடுக்கும் சொற்கள்தான் காரணம். பாடல், ஆடல், தேடல் என்று அடுக்கினால் இரண்டாம் எழுத்தும் ஒன்று, முடிவும் ஒன்று. எதுகையும் இயைபும் ஒரே சொல்லில் சேர்ந்து வந்துவிடுவதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. பிரித்துப் பார்க்க வேறு சொற்கள் வேண்டும். கண்ணன், வண்ணம், எண்ணி: மூன்றிலும் முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து ண். குறையில்லாத எதுகை. ஆனால் ஆங்கிலக் காதுக்கு இதில் ரைம் கிடையாது, மூன்றும் மூன்று விதமாக முடிகின்றன. இப்போது பறவை, தேவை, போர்வை. எதுகை இல்லை, இயைபு இருக்கிறது. ஆங்கிலக் காது இங்கேதான் கொஞ்சம் நிமிரும்.

கொஞ்சம்தான். இயைபும் ரைமும் இடத்தால் ஒன்று, அளவால் ஒன்றல்ல. தமிழில் கடைசி எழுத்து ஒன்று ஒத்தாலே இயைபு என்று சொல்லிவிடலாம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தாலும் இயைபுதான். காரிகை உரையில் இயைபுக்குக் காட்டப்படும் பாட்டு அடிதோறும் 'அணங்கே, அணங்கே' என்றே முடிகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் செல்லாது. அங்கே விதி இது: சொல்லில் கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலி எதுவோ, அதிலிருந்து முடிவு வரை ஒலி முழுக்க ஒத்திருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் நிற்கும் மெய்யொலி மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

டேபிள் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் 'டே'யில் விழுகிறது. ஆகவே 'ஏபிள்' என்ற பகுதி முழுதும் ஒத்துப்போக வேண்டும். கேபிள் சேரும், ஸ்டேபிள் சேரும், எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தாலும் லேபிள் சேரும். ட்ரபிள் சேராது. அதுவும் 'பிள்' என்றுதான் முடிகிறது, தமிழ்க் கணக்கில் நல்ல இயைபு. ஆனால் அழுத்தம் விழும் உயிர் வேறு. ட்ரபிளுக்குக் கூட்டாளிகள் டபுளும் பபிளும்.

ரைம் என்ற சொல்லின் கதையும் சுவையானது. பழைய பிரெஞ்சில் 'ரீம்' என்றிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் எது என்பதில் அறிஞர்களிடையே இரு கட்சி உண்டு. கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த 'ரித்முஸ்' என்பது ஒரு கட்சி. எண்ணிக்கை, வரிசை என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லான 'ரீம்' என்பது இன்னொரு கட்சி. ஆங்கிலத்தில் நெடுங்காலம் ஆர், ஐ, எம், இ என்று நான்கே எழுத்தில்தான் எழுதினார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்க, லத்தீன் மோகம் ஓங்கியபோது, இதுவும் ரிதம் என்ற சொல்லும் ஒரே குடும்பம் என்று கருதி நடுவில் ஹெச்சையும் ஒய்யையும் நுழைத்துவிட்டார்கள். இன்று பிள்ளைகள் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டத் திணறுவது இதனால்தான். பழைய எழுத்துக்கூட்டல் முழுக்கச் சாகவில்லை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798-இல் வெளியான தன் நெடுங்கவிதையின் தலைப்பில் வேண்டுமென்றே அதைத்தான் வைத்தார். ஓர் அசையில் உயிரும் அதன்பின் வரும் மெய்யும் சேர்ந்த பகுதியைக் குறிக்க மொழியியலாளர்கள் இன்றும் பழைய எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துகிறார்கள்.

ரைமையும் ரிதத்தையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ரிதம் என்பது ஓசை நடை, தாளம், சந்தம். ரைம் அடியின் கடைசியில் வந்து விழும் ஒப்புமை. ரைம் இல்லாமலே ரிதம் இருக்கலாம்.

ஆங்கிலக் கவிதை பிறக்கும்போதே ரைமோடு பிறக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பழைய ஆங்கிலப் பாட்டு மோனையால் கட்டப்பட்டது. அழுத்தம் விழும் அசைகள் ஒரே ஒலியில் தொடங்கும், அதுதான் ஓர் அடியின் இரு பாதிகளையும் பிணைக்கும் கயிறு. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுப் பாட்டு முறை மெல்ல மெல்ல ஊடுருவி, ரைம் அங்கே நிலையாக உட்கார்ந்தது.

தமிழ்ப் பாட்டு ஏன் சொல்லின் தலைப்பக்கம் சாய்ந்தது? என் கணிப்பைச் சொல்கிறேன். தமிழில் வினை கடைசியில் வரும், விகுதி அதற்கும் கடைசியில் வரும். வந்தான், சென்றான், நின்றான், கண்டான் என்று எந்த உழைப்பும் இல்லாமல் இயைபு கொட்டுகிறது. சும்மா கிடைப்பதில் கவிஞனுக்கு என்ன வேலை? வேர்ச்சொல் இருக்கும் இடம் சொல்லின் முன்பகுதி, அங்கே ஒப்புமை தேடுவதுதான் திறமை. அதனால் எதுகையும் மோனையும் ஆட்சிக்கு வந்தன, இயைபு ஓரமாக நின்றது. 'எதுகை மோனையோடு பேசுகிறார்' என்றுதான் சொல்கிறோம், 'இயைபோடு பேசுகிறார்' என்று யாரும் சொல்வதில்லை. ரைமுக்குத் தமிழ் தேடியவர்கள் கைக்கு முதலில் அகப்பட்ட எதுகையை எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு இயைபு தேடுவது எப்படி? முதல் வேலை எழுத்தை மறப்பது. உயரத்தைக் குறிக்கும் ஹைட், எடையைக் குறிக்கும் வெயிட் இரண்டும் இ, ஐ, ஜி, ஹெச், டி என்ற அதே ஐந்து எழுத்தில் முடிகின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று இயையாது. ஹைட்டுக்கு உறவு லைட்டும் கைட்டும், வெயிட்டுக்கு உறவு லேட்டும் டேட்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுத்தம் விழும் உயிரைப் பிடியுங்கள். அதற்கு முன்னால் இருப்பதைக் கழற்றிவிட்டு, மெய்யொலிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். லைட்டில் 'ல்' போனால் 'ஐட்' மிச்சம். பைட், ஃபைட், கைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று வரிசையாக வரும். அப்புறம் இரட்டை மெய்கள்: ப்ரைட், ஃப்ளைட், ஸ்பைட், ஸ்லைட். இன்னும் வேண்டுமானால் கடைசி அசையில் அழுத்தம் விழும் நீண்ட சொற்கள்: இன்வைட், யுனைட், இக்னைட், எக்சைட்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில் கவனம் வேண்டும். ரெக்கார்ட் என்ற சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் அழுத்தம், வினைச்சொல்லாக வரும்போது கடைசி அசையில். வினையாக இருந்தால்தான் அது லார்டுக்கும் அஃபோர்டுக்கும் இயையும். ஒரே எழுத்துக்கூட்டல்தான், ஆனாலும் பெயராக வரும்போது அந்த உறவு கிடையாது.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. நம் எழுத்தில் 'பேக்' என்று எழுதுகிறோம். முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதுதான், பையைக் குறிக்கும் சொல்லும் அதுதான், அடுப்பில் வைத்துச் சுடுவதைக் குறிக்கும் சொல்லும் அதுதான். தமிழில் மூன்றுக்கும் ஒரே உருவம். ஆங்கிலத்தில் மூன்றில் எந்த இரண்டும் ஒன்றோடொன்று இயையாது. முதுகுக்கு ட்ராக், பைக்கு டேக், சுடுவதற்கு லேக் என்று தனித்தனிக் கூட்டம். ஏன் இப்படி? பையின் கடைசி மெய் தொண்டையதிர வரும் 'க', மற்ற இரண்டிலும் அதிராத 'க'. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே க்தான். போதாததற்கு, ஆங்கிலத்தில் ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையில் வாயை அகட்டிச் சொல்லும் குறில் ஒன்று இருக்கிறது. அதற்கு நம்மிடம் எழுத்து இல்லாததால் ஏகாரத்தை வைத்தே எழுதுகிறோம். ஃபேஷனும் ஸ்டேஷனும் நம் வாயில் அழகாக இயைகின்றன, ஆங்கிலத்தில் அவை வேறு வேறு. ஃபேஷனில் இருப்பது அந்த அகட்டிய உயிர், ஸ்டேஷனில் இருப்பது நம் ஏகாரத்துக்குப் பக்கத்தில் நிற்பது. தமிழில் எழுதிப் பார்த்து ரைம் தேடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தத் தேடலுக்கென்றே அகராதிகள் உண்டு. பீட்டர் லெவின்ஸ் என்பவர் 1570-லேயே ஆங்கிலச் சொற்களை அவற்றின் முடிவை வைத்து அடுக்கி ஓர் ஆங்கில-லத்தீன் அகராதி வெளியிட்டார். ஜான் வாக்கர் 1775-இல் வெளியிட்ட அகராதி சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தியது. நம் பக்கம் சூடாமணி நிகண்டில் ஒருசொல் பல்பொருள் கூறும் தொகுதி ககர எதுகை, சகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின் வரிசையில் அமைந்திருக்கிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் முடிந்தது. அதன் நான்காம் பகுதியான தொடையகராதி பாட்டெழுதுபவர்கள் எதுகை தேடுவதற்கென்றே ஆனது. ஆங்கிலேயர் முடிவை வைத்துத் தொகுத்தார்கள், தமிழர் இரண்டாம் எழுத்தை வைத்துத் தொகுத்தார்கள். இயைபும் எதுகையும் வேறு என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது கணினி இதைச் செய்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய உச்சரிப்பு அகராதியில் 1,34,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் 39 ஒலியன்களைக் கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் உயிருக்கும் பக்கத்தில் ஓர் எண்: முதன்மை அழுத்தம் என்றால் 1, துணை அழுத்தம் என்றால் 2, அழுத்தமே இல்லை என்றால் 0. இது கையில் இருந்தால் மென்பொருளுக்கு வேலை சுலபம். கடைசியாக 1 வரும் உயிரிலிருந்து முடிவு வரை வெட்டியெடுத்து, அதே துண்டில் முடியும் மற்ற சொற்களைக் காட்டிவிடும். நாம் வாய்விட்டுச் சொல்லிச் செய்ததும் அதேதான்.

எல்லா ரைமும் முழுமையானது அல்ல. லவ், மூவ் இரண்டும் எழுத்தில் ஒரே மாதிரி முடிந்து ஒலியில் பிரிபவை. இதைக் கண் இயைபு எனலாம். முடிவில் உள்ள மெய் மட்டும் ஒத்து, உயிர் வேறுபட்டால் அரை இயைபு. லீவ், பிலீவ் இரண்டிலும் 'லீவ்' அப்படியே இருக்கிறது, முன்னால் நிற்கும் 'ல்' கூட மாறவில்லை. அதனால் ஆங்கிலக் கவிஞர்கள் இதை மட்டமாகத்தான் மதிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களோ இதையே வளமான இயைபு என்று கொண்டாடுகிறார்கள்.

ஊர் மாறினாலும் காலம் மாறினாலும் இயைபும் மாறும். அமெரிக்காவில் க்ளாஸும் மாஸும் இயையும், தென் இங்கிலாந்தில் இயையாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 'ஒபே' என்ற சொல்லுக்கு இணையாக டீயை வைத்து ஈரடி எழுதினார். இன்று படித்தால் தடுக்கும். அன்று டீயின் உச்சரிப்பு 'டே'. பழைய பாட்டுகளின் இயைபுதான் பழைய உச்சரிப்பைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்குக் கிடைத்த நல்ல தடயங்களில் ஒன்று. மாதத்தைக் குறிக்கும் மந்த் என்ற சொல்லுக்கோ இன்றைய அன்றாடச் சொல் எதுவும் ஜோடி சேரவில்லை.

ஆகவே நான் பரிந்துரைப்பது: ரைம் இயைபு, ரைமிங் வேர்ட் இயைபுச் சொல், ரைமிங் டிக்ஷனரி இயைபு அகராதி. இயை என்றால் பொருந்து, இணங்கு என்று பொருள், அந்த வேரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தொல்காப்பியம் நூலின் அழகு பற்றிச் சொல்லும் வனப்பு எட்டில் ஒன்றுக்கும் இயைபு என்று பெயர் வைத்திருக்கிறது, ஆனால் இடம் பார்த்துப் படிப்பவர்களுக்கு அதனால் குழப்பம் வராது. ஆங்கில முறைப்படி அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'முழு இயைபு' என்று எழுதலாம். நர்சரி ரைம்ஸ் என்பதற்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே ரைம் என்பது பாட்டையே குறிக்கிறது, அதற்குக் குழந்தைப் பாட்டு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.