சுருக்கப்பட்ட இணைப்பு எங்கே போகிறது?

இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்ப்பதால், சந்தேகப்படும் குறுஞ்செய்திகளைப் பலர் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காட்டிய செய்தியில், மின்கட்டணம் நிலுவையில் இருப்பதால் அன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கையும், அதன்கீழ், நீண்ட இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் பிட்லி (bit.ly) சேவையின் இணைப்பு ஒன்றும் இருந்தன. அதைத் தொட்டுத் திறக்காமல் நகலெடுத்து, உலாவியின் முகவரிப் பட்டையில் ஒட்டி, கடைசியில் ஒரு கூட்டல் குறியைச் சேர்த்தோம். பிட்லி தன் பக்கத்திலேயே நிறுத்தி, இணைப்பு போய்ச்சேரும் இடத்தைக் காட்டியது. மின்வாரியத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தளத்தில், ஏபிகே (.apk) என்று முடியும், ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு ஒன்று இருந்தது. “நான் ரசீது என்றல்லவா நினைத்தேன், தம்பி” என்றார்.

தளத்தின் பெயரைப் படித்துப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்லும் பாடம். சுருக்கப்பட்ட இணைப்பு மறைத்துவிடுவதும் அதையேதான்.

ஆனாலும் இவற்றை அடியோடு ஒதுக்கச் சொல்ல மாட்டேன், ஏனெனில் தமிழில் எழுதுவோருக்கு இவற்றின் தேவை ஒரு பங்கு கூடுதல். தமிழ் எழுத்துகள் கொண்ட முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது, புள்ளியும் கொம்பும் உட்பட ஒவ்வொரு ஒருங்குறிக் (யூனிகோட்) குறியும் பெரும்பாலும் % குறி, ஆங்கில எழுத்து, எண் கலந்த 9 எழுத்துகளாக விரிந்துவிடுவதால், ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்துகளுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் என்றால் தமிழில் 70 குறிகள்தாம். இங்கே விக்கிமீடியாவின் வழி எனக்குப் பிடிக்கும்: அதன் சுருக்கச் சேவை விக்கிமீடியா தளங்களுக்கு மட்டுமே இணைப்புத் தருவதால், போய்ச்சேரும் இடம் பற்றிய ஐயம் எழுவதில்லை.

இன்னொரு குறை, நடுவில் நிற்கும் சேவையின் ஆயுள். கூகுள் 2009இல் தொடங்கிய சுருக்கச் சேவையை 2019இல் மூடியது. நெடுநாள் பயன்படாத பழைய இணைப்புகளை 2025 ஆகஸ்டில் செயலிழக்கச் செய்வதாகவும் அறிவித்தது. பிட்லி (bit.ly) என்பதிலுள்ள ‘லி’ (.ly) லிபியா நாட்டுக்குரிய இணைய முகவரி ஈறு. 2010இல் அதே ஈறு கொண்ட வேறொரு சுருக்கச் சேவையை அந்த ஈற்றை நிர்வகிக்கும் அந்நாட்டுப் பதிவகம் முடக்கியது. அதனால் புத்தகத்தின் அடிக்குறிப்பு, அலுவலகச் சுற்றறிக்கை போன்று பல ஆண்டுகள் நிற்கவேண்டியவற்றில், எவ்வளவு நீளமானாலும் முழு முகவரியையே அச்சிடச் சொல்கிறேன். சுருக்கியதைத் தட்டச்சு செய்பவரின் வசதிக்காக அதன் அருகில் தரலாம்.