இண்டி: யாரையும் அண்டாத இசை

பழைய இசைத்தட்டு கையில் கிடைத்தால், ஊசியை வைக்கும் முன்பே நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளைப் படித்துவிடுவேன். கேலக்ஸி 500 என்ற அமெரிக்கக் குழுவின் 'ஆன் ஃபயர்' 1989-ல் வந்தது. மூன்றே பேர்: கிட்டார், பேஸ், டிரம்ஸ். எதிரொலியில் ஊறிய கிட்டார், எங்கும் போய்ச் சேர அவசரமில்லாத பாட்டுகள். இன்று யாரும் கேட்டவுடன் 'இண்டி' என்பார்கள். ஆனால் அந்தச் சொல் முதலில் குறித்தது கிட்டாரை அல்ல, தட்டை வெளியிட்டவரை. இதை வெளியிட்டது ரஃப் டிரேட் என்ற தனி இசை நிறுவனம். 1976-ல் லண்டனில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கியது அது.

இண்டி என்பது இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். அமெரிக்கத் திரைப்பட வட்டாரத்தில் 1920களிலேயே புழங்கியது, இசைக்கு அப்புறம் வந்தது. லத்தீனில் 'பெண்டேரே' என்றால் தொங்குதல். ஒன்றைப் பிடித்துத் தொங்காதது இண்டிபெண்டன்ட். சுருக்கியபோது தொங்குதல் கழன்று விழ, முன்னொட்டுகள் மட்டும் மிஞ்சின. தமிழ்க் காதுக்கோ 'இண்டு இடுக்கு' நினைவுக்கு வரும். உறவில்லாத சொல்தான், ஆனாலும் இந்தக் குழுக்கள் வாசித்த இடங்களுக்குப் பொருத்தம்! கூடவே வரும் 'அண்டர்கிரவுண்ட்' என்பதைத் தலைமறைவு இசை என்று பெயர்த்தால் போலீஸ் தேடுகிற மாதிரி இருக்கும். வெகுஜனத்துக்கு எட்டாத இசை, அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி விற்பனைப் பட்டியல் தொடங்கியது. பெரிய நிறுவனங்களின் விநியோகம் வழியாக வராத தட்டா என்பதே அதன் விதி. ஒலி எப்படி இருந்தாலும் சரி. அதனால் 80களின் இறுதியில் பாப் பாடகி கைலி மினோக்கின் பளபளப்பான நடனப் பாட்டு அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிறகு சொல் தலைகீழானது: கிட்டார் கொஞ்சம் மங்கலாக ஒலித்தால் போதும், பெரிய நிறுவனம் வெளியிட்டாலும் இண்டி என்றார்கள். தமிழ்நாட்டில் சினிமாவுக்கு வெளியே வரும் எந்தப் பாட்டுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அதற்குத் 'தனியிசை' என்ற சொல் இருக்கிறது, பொருளும் சரி.

இண்டிக்கு 'சுயாதீன இசை' என்று எழுதுவதுண்டு. 'அதீனம்' என்றால் ஒருவருக்கு உட்பட்டிருப்பது. சுயாதீனம், தனக்குத்தானே உட்பட்டது. சைவ மடத்தைக் குறிக்கும் ஆதீனமும் அதே வேர்தான். தவறில்லை, ஆனால் வடமொழி வாசம் தூக்கல். எனக்குப் பிடித்தது 'தற்சார்பு இசை'. தற்சார்பு வேளாண்மை என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டோம். முக்கியமாக, இது ஒலியைச் சொல்லவில்லை. யாரைச் சார்ந்து நிற்கிறது என்று சொல்கிறது.

1991-ல் கேலக்ஸி 500 கலைந்தது. அதே ஆண்டு ரஃப் டிரேட்டும் திவாலாக, குழுவின் மூல ஒலிநாடாக்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றை ஏலத்தில் எடுத்தவர் டிரம்ஸ் வாசித்த டேமன் குருகோவ்ஸ்கி. தற்சார்பு என்ற சொல் அந்தப் பாட்டுகளுக்கு முழுதாகப் பொருந்தியது அப்போதுதான்.