சைடுகார் மாட்டுகிறவர்கள் ஃபோர்க்கை மறந்துவிடாதீர்கள்

பைக்கில் சைடுகார் மாட்ட வருகிறவர்கள் கேட்பது சீட் அகலம், மழைக்கு மூடி, பெயிண்ட், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், இவ்வளவுதான். முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்களை, என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானாக எடுத்துச் சொன்னால், ‘பில்லை ஏத்தப் பார்க்கிறான்’ என்று நினைப்பது முகத்திலேயே தெரியும். பெங்களூரில் பட்டறை வைத்து இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதி வைக்கிறேன். இனி ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளப் பேசாமல் லிங்கை அனுப்பிவிடலாம் என்ற சுயநலமும் உண்டு.

ஹேண்டில் திரும்பும் அச்சை, அதாவது சேசிஸ் கழுத்தின் கோட்டை, அப்படியே தரை வரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். இந்த இடைவெளிக்குத்தான் ட்ரெயில் என்று பெயர். ஆபீஸ் நாற்காலியின் சக்கரம் இழுத்த பக்கம் தானாகப் பின்னால் திரும்பிக்கொள்கிறதே, அதே சங்கதி. இரண்டு சக்கர வண்டி நேராக ஓட இது வேண்டும். சாதாரண பைக்கில் 90 முதல் 120 மில்லிமீட்டர் வரை வைத்திருப்பார்கள்.

சைடுகார் மாட்டிய பிறகு வண்டி சாயாது. சாய்த்துத் திருப்பிப் பழகிய கைக்கு, இப்போது ஹேண்டிலைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. வளைவில் டயர் மீது பக்கவாட்டில் விழும் விசை, ட்ரெயில் என்ற நெம்புகோலின் வழியாக நேராக உங்கள் தோளுக்கு வருகிறது. ட்ரெயில் எவ்வளவு நீளமோ அவ்வளவு பாரம். சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் போதும், மணிக்கட்டு விட்டுப்போகும். ஓசூர் ரோட்டில் அறுபதில் போகும்போது குறுக்கே யாராவது வந்தால், அந்தப் பாரமான ஹேண்டிலைச் சட்டென்று ஒடிக்க முடியாது. வலி ஒரு தொல்லை என்றால், இது ஆபத்து.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 19 அங்குல முன்சக்கரம், டயரோடு சேர்த்து ஆரம் 331 மி.மீ. கழுத்தின் சாய்வு, அதாவது ரேக், 26 டிகிரி. கழுத்துக்கும் ஃபோர்க் குழாய்களுக்கும் உள்ள இடைவெளியான ஆஃப்செட் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ட்ரெயில் 106 மி.மீ. வரும். மற்ற எதையும் தொடாமல் ஆஃப்செட்டை மட்டும் 35 மி.மீ. கூட்டினால் ட்ரெயில் 67-க்கு இறங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. சைடுகார் வண்டிக்கு 40-லிருந்து 70 வரைக்குள் வைத்தால் கைக்கு இதமாக இருக்கும்.

இதில்தான் நம் ஊர் பட்டறைகள் பல தடுமாறுகின்றன. மர்ஃபி டவுனிலிருந்து ஒரு தம்பி வந்தார். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகச் சைடுகார் மாட்டியிருந்தார், வேறொரு இடத்தில். “அண்ணா, சைடுகார்னா ஹேண்டில் இப்படித்தான் கல்லு மாதிரி இருக்கும்னு சொல்லிட்டாங்க. தோள்பட்டை போயிடுச்சு” என்றார். வண்டியைப் பார்த்தால் முன்பக்கம் சாப்பர் மாதிரி நீட்டியிருக்கிறது. ‘சக்கரம் முன்னால் போனால் ட்ரெயில் குறையும்’ என்று எங்கோ கேட்டுவிட்டு, கழுத்தையே அறுத்துச் சாய்த்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள். சக்கரம் முன்னால் போனது உண்மைதான். ஆனால் கழுத்து சாய்ந்தால், அதன் கோடு தரையைத் தொடும் இடம் சக்கரத்தைவிட அதிகமாக முன்னால் ஓடிவிடும். மேலே சொன்ன அதே கணக்கில் ரேக்கை 29 டிகிரி ஆக்கிப் பாருங்கள், ட்ரெயில் 126. குறைக்கப் போய்க் கூட்டி வைத்திருக்கிறார்கள். கழுத்தைத் தொடாமல் ஃபோர்க்கை மட்டும் முன்னால் தள்ளினால்தான் ட்ரெயில் குறையும். அனுபவஸ்தர்களே குழம்புகிற இடம் இது.

அந்த வண்டியில் இன்னும் மோசமானது வெல்டிங். பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தபோது, மேலே புட்டி, அடியில் பாதிதான் உருகிப் பிடித்த உலோகம். ஓரத்தில் மயிரிழையாக ஒரு கோடு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மொத்த எடையும் வந்து விழுகிற இடம் அது. போதாக்குறைக்குப் பல வண்டிகளில் சேசிஸ் நம்பர் கழுத்தில்தான் குத்தப்பட்டிருக்கும். கிரைண்டர் வைக்கும்போது அதில் ஓர் எழுத்து அழிந்தாலும், திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். அந்தத் தம்பியிடம், இதை ஓட்டாதீர்கள், சேசிஸையே மாற்றுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? ஒன்று, ஃபோர்க்கை மேலும் கீழும் பிடித்திருக்கும் தட்டுகளை, பட்டறையில் ‘டி’ என்கிறோமே, அவற்றை அதிக ஆஃப்செட்டோடு புதிதாகக் கடைந்து போடுவது. கட்டி உலோகத்தில் கடைய வேண்டும். ஒரிஜினல் டி-யை அறுத்து நடுவில் துண்டு வைத்து ஒட்டுகிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். இன்னொன்று, லீடிங் லிங்க் ஃபோர்க், அதாவது முன்னோக்கி நீளும் கைகளின் நுனியில் சக்கரத்தைத் தாங்கும் வகை. இது பக்கவாட்டு விசைக்கு முறுக்கிக்கொள்ளாது, பிரேக்கில் மூக்கு அவ்வளவாகக் குத்தாது. செலவு அதிகம். ரஷ்யாவின் யூரல் சைடுகார் வண்டிகளில் வருவது இந்த ஜாதிதான். 1955-லிருந்து 1969 வரை வந்த பிஎம்டபிள்யூ வண்டிகளின் எர்ல்ஸ் ஃபோர்க்கில் (இதுவும் லீடிங் லிங்க்தான்), சக்கரம் தாங்கும் கையை மாட்டக் கம்பெனியே இரண்டு துளைகள் வைத்திருந்தது. ஒன்று தனி ஓட்டத்துக்கு, மற்றது ட்ரெயிலைக் குறைத்துச் சைடுகாருக்கு. அப்போதே யோசித்துவிட்டார்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் ட்ரெயிலை அளந்து காட்டச் சொல்லுங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓட்டுபவரும் சைடுகாரில் வழக்கமாக உட்காருபவரும் ஏறிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சஸ்பென்ஷன் இறங்காமல் அளவு தப்பாகிவிடும். நீளமான அலுமினியப் பட்டையைப் பக்கவாட்டில், கழுத்தின் நடுக்கோட்டோடு ஒரே கோட்டில் வரும்படி பிடித்து, தரையில் அது தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. முன் ஆக்சில் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டேப் வைத்தால் முடிந்தது. இதைச் செய்து காட்ட மறுக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

குறைக்கிறேன் பேர்வழி என்று ரொம்பவும் குறைத்தால் வேறு வினை வரும். இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் இருபுறமும் படபடவென்று உதறும். அதற்கு உதறலை அடக்கும் ஸ்டீரிங் டேம்பர் போடுவோம். பழைய புல்லட்டில் ஹேண்டில் நடுவே ஒரு திருகு இருந்ததே, அதுவும் டேம்பர்தான். ஆனால் டேம்பர் போடுவதற்கு முன் கோன் செட்டை, அதாவது கழுத்துக்குள் இருக்கும் பேரிங்கை, பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நடுவில் டக்கென்று உட்காருகிறதா? குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். சைடுகார் பாரத்துக்குக் குண்டு பேரிங் சீக்கிரம் போய்விடும், சாய்வான உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங் போடுவது நல்லது. புது டி மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, பிரேக் ஹோஸும் கிளச் கேபிளும் இழுபடுகின்றனவா என்று பார்க்க மறக்காதீர்கள்.

சைடுகார் சக்கரத்தை லேசாக உள்பக்கம் பார்க்க வைக்கும் டோ-இன், வண்டியை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து நிறுத்துவது எல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் சைடுகார் இடப்பக்கம். காலியாக இருக்கும்போது இடது வளைவில் வேகமாகத் திரும்பினால் அது அந்தரத்தில் எழும்பும். நந்தி மலைக் கொண்டை ஊசிகளில் பயந்துபோய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. காலியாகப் போகும்போது ஒரு மணல் மூட்டையைச் சைடுகாரின் தரையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டில் லேசாகிவிட்டதே என்று வேகம் கூட்டினால், எழும்புவது முன்னதாகவே நடக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(27) பிரிவு, கழற்றக்கூடிய சைடுகாரையும் சேர்த்துத்தான் மோட்டார் சைக்கிள் என்கிறது. ஆகவே சைடுகார் என்பதே குற்றம் இல்லை. ஆனால் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ.வில் எழுத்துமூலம் கேளுங்கள், இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் நான் வண்டியில் கைவைப்பதில்லை.

கழற்றிய ஒரிஜினல் டி-யைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சைடுகாரைக் கழற்றி ஒருநாள் தனியாக ஓட்ட ஆசை வரும், எல்லோருக்கும் வருகிறது. குறைந்த ட்ரெயிலோடு இரண்டு சக்கரத்தில் வேகம் எடுத்தால், சின்னப் பள்ளத்துக்கே ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பழைய டி-யைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஆயில் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள், கீழ்த்தட்டோடு சேர்த்து.