கீழ்ப்பல் வரிசைக்கு மட்டும் அலைனர் போதுமா?

"சிரிச்சா மேல்பல்லுதான் தெரியுது, அது நேராத்தான் இருக்கு. கீழ முன்பல்லு மட்டும் ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கிடக்கு. அதுக்கு மட்டும் அலைனர் போட்டா போதும்ல?" முப்பது வயதைத் தாண்டியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. அலைனர் என்பது பல்லை மெல்ல நகர்த்த ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாட்டும், கழற்றக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் டிரே. நியாயமான கேள்விதான், சிலருக்குப் போதும். போதாது என்று சொல்ல வேண்டி வந்தால், காரணம் பெரும்பாலும் மேல்பல்லில்தான் இருக்கும்.

வாயை மூடும்போது கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு உள்பக்கமாகப் போய் உட்காரும், டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி. நெருக்கியடித்து நிற்கும் பற்களை நேராக நிறுத்த வரிசையில் கூடுதல் இடம் வேண்டும். பற்களை முன்னால் சாய்த்தால் அந்த இடம் கிடைக்கும். விளிம்பு 1 மி.மீ. முன்னால் வந்தால் ஏறத்தாழ 2 மி.மீ. இடம் என்பது பல் சீரமைப்பில் பழைய கணக்கு. அப்படியானால் 3 மி.மீ. நெருக்கத்துக்கு 1.5 மி.மீ. முன்னே வர வேண்டும். ஆனால் சரியான கடி உள்ள வாயில் கீழ்ப்பல் ஏற்கெனவே மேல்பல்லின் முதுகைத் தொட்டபடியோ மயிரிழை விட்டோதான் நிற்கிறது. அதற்கு மேலும் தள்ளினால் மேல்பல்லைப் பின்னாலிருந்து இடிக்கும். நாளடைவில் மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். நேராக இருந்த வரிசையைக் கெடுத்துக்கொண்டு இன்னொரு சிகிச்சைக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஆள்காட்டி விரலை மேல் முன்பல்லில் லேசாக வைத்துக்கொண்டு, வழக்கம்போல டக் டக்கென்று கடியுங்கள். விரலில் பல் அதிர்வது தெரிந்தால், கீழ்ப்பல் இப்போதே மேல்பல்லை இடிக்கிறது. அப்படிப்பட்டவருக்குக் கீழ் வரிசையை மட்டும் முன்னே தள்ளும் திட்டம் போடக் கூடாது.

மீதி இடம் எங்கிருந்து வரும்? பற்களின் பக்கவாட்டு எனாமலை இம்மியளவு தேய்ப்பதிலிருந்து. கிளினிக்கில் இதை ஐபிஆர் என்பார்கள். வைரத்தூள் பூசிய மெல்லிய பட்டையை இரண்டு பற்களுக்கு நடுவே விட்டு இழைப்பார்கள். வலிக்காது, மரப்பு ஊசியும் வேண்டாம், கரகரவென்ற சத்தம்தான் பலருக்குப் பிடிக்காது. ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை 5 சந்துகள். சந்துக்கு 0.3 மி.மீ. என்றால் மொத்தம் 1.5 மி.மீ. இடம். 0.3 என்பது ஏறக்குறைய மூன்று ஏ4 தாள்களின் கனம், அதையும் இரண்டு பற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கீழ் முன்பற்களில் சந்துக்கு 0.5-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

சிகிச்சை பாதியில் மக்கர் பண்ணும் இடமும் பெரும்பாலும் இதுதான். திட்டத்தில் 0.3 என்று இருக்கும், உண்மையில் 0.2 தேய்த்திருப்பார்கள். அளவுத்தகடு விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்காவது, ஐந்தாவது டிரேயில் பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே காற்றுச் சந்து தெரியும். இடமில்லாத பல் எப்படி நகரும்? இன்னொரு தவறு, ஒன்றன் மேல் ஒன்று ஏறிய பற்களை முதல் நாளே தேய்ப்பது. பட்டை சரியான முகத்தைத் தொடாது, எனாமலில் படி விழும். கொஞ்சம் பிரிந்து வந்த பிறகு தேய்ப்பதே முறை.

கம்பி போட்டுச் சீரான பல், ரிடெய்னரை (நேராக்கிய பல் நகராமல் பிடித்து வைக்கும் சாதனம்) கைவிட்டதால் கீழே மட்டும் திரும்பக் கோணியிருந்தால், நெருக்கமும் 4 மி.மீ.க்குள் இருந்தால், அவருக்குக் கீழ் அலைனர் அருமையாகப் பொருந்தும். மேல்பல் கீழ்ப்பல்லைப் பாதிக்கு மேல் மூடியிருந்தால் பொதுவாகப் பொருந்தாது. அங்கே கடியின் ஆழத்தையும் சேர்த்துக் குறைத்தாக வேண்டும்.

ஞானப்பல் தள்ளுகிறது, அதைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் கீழ்ப்பல் நெருங்குகிறது. ஆனால் நேராக இருந்த பல் சில மாதங்களில் திடீரென்று விலகினால் அசட்டை வேண்டாம். எலும்பு கரைந்திருக்கலாம், முதலில் ஈறுதான் பார்க்க வேண்டும்.

உமிழ்நீர்க் குழாய் திறப்பது கீழ் முன்பல்லுக்குப் பின்னால் என்பதால் காரை அங்கேதான் கட்டிகட்டியாகப் படியும். டிரே செய்யப் பல்லை ஸ்கேன் எடுக்கும் முன்பே ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுக்கும் சுத்தம்) செய்துவிடுங்கள். ஸ்கேன் எடுத்த பிறகு சுத்தம் செய்தால் பல்லின் வடிவமே மாறி, டிரே தொளதொளவென்று நிற்கும். கீழ் முன்பல்லைச் சுற்றிய ஈறு மெல்லியது, பல்லை அதிகம் வெளியே சாய்த்தால் ஈறு இறங்கி வேர் தெரியும்.

ஒரு டிரே சுமார் 0.25 மி.மீ. நகர்த்தும், திருப்புவதென்றால் ஏறத்தாழ 2 பாகை. எல்லாவற்றிலும் அதிகம் திரும்பிய பல்தான் டிரேக்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். 40 பாகை திரும்பிய பல்லுக்கு 20 டிரே, பத்து நாளுக்கு ஒன்று என்றால் 200 நாள். திட்டத்தைக் காட்டும் கம்ப்யூட்டர் திரையில் அது பத்து விநாடியில் திரும்பிவிடும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நாளுக்கு 22 மணி நேரம் போட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே மீதி இரண்டு மணி நேரம் போய்விடும், நடுவில் இரண்டு டீ என்றால் கணக்கு இடிக்கும். டிரேயோடு சூடான டீ குடித்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், கறையும் ஏறும்.

ஒரு வரிசைதானே என்று கட்டணம் பாதியாகாது. ஸ்கேன், திட்டமிடல், வரும் தடவைகள் எல்லாம் ஏறக்குறைய அதே அளவுதான். டிரே கடைசிக் கடைவாய்ப்பல் வரை மூடுகிறதா என்றும் பாருங்கள். விட்டுப்போன பல் தனியாக எழும்பி, கடியைத் தூக்கிவிடும். சிகிச்சை முடிந்ததும் சில வாரங்கள் பின்பற்கள் சேராதது போலத் தோன்றலாம், பெரும்பாலும் தானே படியும்.

நேராக்கியதும் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள், இரவுக்கு ரிடெய்னரும் உண்டு. மேல் வரிசைக்கும் ஒரு ரிடெய்னர் கேட்டு வாங்குங்கள், தொடாத பல்லும் நகரும். கம்பி முழுவதும் அறுந்தால் நாக்குக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு பல்லில் பசை விட்டால் தெரியாது, அந்தப் பல் மட்டும் மெல்லத் திரும்பும். மாதம் ஒருமுறை கண்ணாடியில் பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த வாரமே போய் ஒட்டிக்கொள்ளுங்கள், அதுவரை ரிடெய்னரைப் பகலிலும் கழற்ற வேண்டாம்.