சாசேஜ் முதலில், கீரை கடைசியில்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் மழை ஓயாத கலீசியாவில், வெள்ளை பீன்ஸ், உருளைக்கிழங்கு, டர்னிப் கீரை, கொஞ்சம் சொரீசோ சாசேஜ் போட்டு கால்தோ கலேகோ என்று ஒரு சூப் வைப்பார்கள். பீன்ஸை இரவே ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவிடுவது பழைய முறை. டின் பீன்ஸ் இருந்தால் அரை மணி நேரம் போதும், ஆனால் எதை எப்போது போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

முதலில் சாசேஜ். துண்டு போட்டுச் சிறு தீயில் வைத்தால் கொழுப்பு உருகி, சட்டியின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓட ஆரம்பிக்கும். சொரீசோவில் சேர்க்கும் சிவப்பு மிளகாய்த்தூளின் நிறமிகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வத்தக்குழம்பில் எண்ணெய் சிவப்பாக மிதப்பதும் இதனால்தான். வெங்காயத்தையும் பூண்டையும் அந்தக் கொழுப்பிலேயே வதக்கினால் நாலு பேருக்கு 100 கிராம் சாசேஜே தாராளம். அதற்கு மேல் போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது, தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்றும் சொன்னது. இந்தச் சூப்பில் சாசேஜுக்கு மசாலாவின் வேலை மட்டும் கொடுத்தால் போதும்.

அடுத்து, சின்னதாக நறுக்கிய உருளைக்கிழங்கும் தண்ணீரும். அது வெந்ததும், கழுவி வடித்த பீன்ஸ் (கழுவினால் உப்பு நன்றாகவே குறையும்). அதில் கால்வாசியைக் கரண்டியால் மசித்துவிடுங்கள், உள்ளே இருந்த மாவுச்சத்து வெளியே வந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கிரீம் இல்லாமலே சூப் கெட்டியாகும். டின்னுக்குப் பதில் உலர்ந்த பீன்ஸ் என்றால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரமாவது கொதிக்க வைத்தே ஆகவேண்டும். அதில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. கொதிநிலைக்கு வராத மெதுவான சூட்டில் அது அழியாது, கடும் வாந்தியில் கொண்டுபோய் விடும்.

கீரை கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான். சூடு பட்டதும் கீரையின் செல்கள் உடைந்து அமிலம் கசியும், அது பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும், கீரை மங்கிப் பழுப்புப் பச்சையாகிவிடும். மூடி போடாமல் வைத்தால் அமிலத்தில் கொஞ்சம் ஆவியோடு போய்விடும். எலுமிச்சையும் அமிலம்தானே, அதனால் அதைச் சட்டியில் ஊற்றாமல் கிண்ணத்தில் பிழியுங்கள். அப்புறம், பீன்ஸில் உள்ள இரும்புச்சத்தை உடல் லேசில் உறிஞ்சாது. எலுமிச்சையின் வைட்டமின் சி அதற்கு உதவும், அந்தக் கொஞ்சம் சாசேஜில் இருக்கும் இறைச்சியும் உதவும்.